பாய்லர்காரர் வீட்டுத் தண்ணீர்

எங்கள் தெருவில் அவரைப் பாய்லர்காரர் என்றால்தான் தெரியும். முப்பத்தோரு வருடம் ஒரு துணி ஆலையின் பாய்லருக்கு நல்ல தண்ணீர் கொடுத்தவர். ஓய்வு பெற்ற கையோடு வீட்டுக்குப் பின்னாலும் ஒரு வாட்டர் சாஃப்ட்னரைப் பொருத்தினார். இங்கே நிலத்தடித் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அந்த இயந்திரத்துக்குள் போய் வந்தால் சுண்ணாம்பு நீங்கிவிடும். வேறு மெக்கானிக் யாரும் அதன் பக்கம் வரக்கூடாது. வந்தால் வாசலிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குத் தோல் வியாதி. சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். இரண்டு வருடமாக, "தண்ணி சரியில்லைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாய்லர்காரர் உடனே பாட்டிலோடு கிளம்புவார். இயந்திரத்திலிருந்து தண்ணீர் வெளியே வரும் வாயில் இருக்கும் சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, நாலு சொட்டு சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்குவார். சுண்ணாம்பு இல்லாத தண்ணீரில்தான் நுரை நன்றாக வரும்; இதில் பொங்கும். அதைக் கொண்டுவந்து அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"பாத்தியா? தண்ணியில ஒண்ணுமில்ல. எல்லாம் உன் மனசுலதான்."

"பாத்ரூம் குழாயில பிடிச்சுப் பாருங்களேன்."

"அங்க போறதும் இதே தண்ணிதான். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

ஆலையில் சோதனைக்குத் தண்ணீர் எடுப்பது இயந்திரத்தின் வாயில்தான். அதற்கு அப்பால் யார் என்ன சொன்னாலும் அவருக்கு அது வெறும் பேச்சு. டாக்டரிடமும் மகளிடமும் அப்படியே சொன்னார். எதிர்வீட்டுக்காரன் நானும் சும்மா இருக்கவில்லை. "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்கா" என்று ஒத்து ஊதினேன். நினைத்தால் கூசுகிறது.

போன திங்கட்கிழமை அக்கா பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். "வெள்ளிக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இனிமே அங்கதான்." சண்டை போடாமல் சொன்னதில்தான் பாய்லர்காரருக்கு அது நிஜம் என்று உறைத்தது. கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் போகமாட்டாள் என்று நம்பி இயந்திரத்தைப் பிரித்துப் போட்டார்.

உப்புத் தொட்டியின் ஓரத்தில் இறுகிக் கிடந்ததைக் கம்பியால் இடித்தார். உப்புநீரை உறிஞ்சும் துவாரத்தை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். சுண்ணாம்பைப் பிடித்து வைக்கும் ரெசின் மணிகளை வாளி வாளியாக அள்ளி அலசினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு பாட்டிலைக் குலுக்கினார். எப்போதும்போல நுரை பொங்கியது. நல்ல நுரையைப் பார்த்து ஒரு மனுஷன் இடிந்து உட்கார்ந்ததை அப்போதுதான் கண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற நான், கையிலிருந்த பிசுக்கைக் கழுவ அவர்கள் வீட்டு பாத்ரூமுக்குப் போனேன். சோப்பைத் தேய்தேய் என்று தேய்த்தும் கையில் வெள்ளைப் பிசிறுதான் ஒட்டியது.

"அண்ணே, இங்க நுரையே வரலையே."

பாட்டிலோடு வந்தார். அந்தக் குழாயில் பிடித்துக் குலுக்கினார். நுரை இல்லை. பிறகு நேராகப் போய் பைபாஸ் வால்வைக் கழற்றினார். பழுது பார்க்கும்போது இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் வீட்டுக்குள் போக வழிவிடும் வால்வு அது. உள்ளே ரப்பர் வளையம் நைந்து கிடந்தது. மூடிய வால்வு வழியே சுண்ணாம்புத் தண்ணீர் கசிந்து நல்ல தண்ணீரோடு கலந்திருக்கிறது. அவர் சோதனைக்குத் தண்ணீர் பிடித்த குழாய் அந்தக் கலப்புக்கு முன்னால் இருந்தது.

புது வளையம் போடப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"கண்டுபிடிச்சிட்டேன். இனி நீ போக வேண்டியதில்ல."

அக்கா பாத்ரூமில் கை கழுவிப் பார்த்தார். விரல்களை மூடும் அளவுக்கு நுரை. "வழவழன்னு இருக்கு" என்றார். அப்புறம், "எத்தனை நாளா கசிஞ்சிருக்கும்?"

பாய்லர்காரருக்குத் தொழிலில் பொய் சொல்ல வராது. "ரப்பரைப் பாத்தா... ரெண்டு வருஷம் இருக்கும்."

"நான் சொன்ன நாள்லேர்ந்து."

அவர் நைந்த ரப்பர் வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மனசுலதான்னு நீங்க சொல்லிச் சொல்லி, போன மாசம் நானே நம்பிட்டேன். எனக்குப் பைத்தியமான்னு டாக்டர்கிட்ட தனியாப் போய்க் கேட்டேன்."

கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, வண்டி வந்திடுச்சு. பெட்டியைக் கொஞ்சம் கொண்டு வந்து வச்சிடுறீங்களா?"

எனக்கு முன்னால் பாய்லர்காரர் போய்ப் பெட்டியைத் தூக்கினார். வண்டியில் ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் குனிந்து, "அங்க தண்ணி எப்படின்னு முதல்ல பாத்துட்டு..." என்று ஆரம்பித்தார். அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். அவர் ஜன்னலை விட்டு விலகி நின்றார். வண்டி கிளம்பிவிட்டது.