அமைச்சர் என்னைத் தூக்கிய சனிக்கிழமை

அரசியல்வாதி தருகிற எதையும் வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். புதுவருசக் கலண்டர்கூட வாசலோடு திரும்பிவிடும். அப்பா தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் நிருபர். ஒரு கலண்டருக்குத் தன் பேனையை விற்றுவிடுவாரோ என்று அவருக்கே அவர்மேல் பயம்போலும்.

எனக்கு எட்டு வயது. தென் மாகாண அமைச்சர் ஒருவர் வெள்ளவத்தைக்கு வந்து பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுக்கப் போகிறார் என்று வாகனம் ஓயாத காலி வீதி என்ற பெருந்தெருவை ஒட்டிய எங்கள் லேன் முழுக்க ஒரே கதை. அடுத்த தேர்தலில் அவருக்குக் கொழும்பில் ஒரு கண். தெருக்கடையில் நின்று கொத்துரொட்டி சாப்பிடுவார், மீனவரோடு சேர்ந்து கரைவலை இழுப்பார், கண்ட பிள்ளையை எல்லாம் தூக்குவார். டீவியில் பார்க்கவே ஆசையாக இருக்கும். அப்பாவோ, மீனவருக்கென்று வந்த படகுகள் அந்த அமைச்சருடைய ஆட்களுக்கே போன கதையை மூன்று பாகமாக எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வந்துவிட்டன, மூன்றாவது அந்த ஞாயிறு வரவேண்டும். எனக்குப் படகு பற்றி என்ன கவலை? பை வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவிடம் ரியூசன் என்று பொய் சொல்லிவிட்டு மேல்வீட்டு அன்ரியோடு மண்டபத்துக்குப் போனேன். பாண்ட் வாத்தியம் காதைப் பிளந்தது. என் முறை வந்ததும் அமைச்சர் என்னை அலாக்காகத் தூக்கினார். பெயர் கேட்கவில்லை, அவரே என் பெயரைச் சொன்னார். பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு கமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, தெரிந்த தமிழில் என் காதுக்குள் சொன்னார்: "ஸ்கூல் வேன் ஒண்டேமுக்காலுக்குக் காலி வீதியில இறக்குது, இல்லியா? தனியா றோட் கடக்க வேணாம், மகள். நான் சொன்னது எண்டு அப்பாட்ட சொல்லு."

வீட்டுக்கு ஓடினேன். அடி விழும் என்று தெரியும்; விழட்டும். இவ்வளவு பெரிய மனிதர் என்னைப் பற்றி யோசித்திருக்கிறார்! ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா ஏசவில்லை. பேட்டி எடுக்கிறவர் மாதிரிக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "அவர் சொன்னதை அப்பிடியே சொல்லு பிள்ளை, ஒரு சொல்லும் விடாத."

வேன் வரும் நேரத்தைச் சொன்னபோது பேனை நின்றுவிட்டது. அம்மா என்னை இழுத்து மடியில் இருத்திக்கொண்டார். பையைத் திருப்பிக் கொடு என்று ஒருவரும் சொல்லவில்லை, எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

அந்த ஞாயிறு மூன்றாம் பாகம் வரவில்லை. திங்கள் முதல் வேனும் இல்லை. அப்பாவே கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு காலி வீதியைக் கடப்பது தினமும் எனக்குக் கொண்டாட்டம்தான். எல்லாம் அமைச்சர் மாமாவின் புண்ணியம் என்று, முத்து முத்தான எழுத்தில் அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதி, தபாலில் போடும்படி அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். பிழை ஒன்றும் இல்லை என்றார்.

அடுத்த மாதம் அப்பா அரசியலை விட்டுப் பத்திரிகையின் சினிமாப் பக்கத்துக்கு மாறினார். வீடு முழுக்க நடிகைகளின் படங்கள். அதற்கும் சேர்த்து அமைச்சருக்கு இன்னொரு கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன்.