அலுமாரியில் இருந்த நான்கு அட்டைகள்

அந்த பிஸ்கட் டின் இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மூடியில் இருந்த ரோஜாப்பூ தேய்ந்துபோய், புதிதாகப் பார்ப்பவர்களுக்கு முட்டைக்கோசு மாதிரித் தெரியும். இப்போது அதில் ஊசியும் நூலும் வைத்திருக்கிறேன். அதைத் திறக்கும்போதெல்லாம், கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் நாங்கள் மரம் வெட்டும் தொழிலைத் தொடங்கிய அந்த முதல் வருடங்கள் நினைவுக்கு வரும். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை.

ஒரு பழைய லொறி, மரம் அறுக்க இரண்டு செயின் சோ, கட்டுக் கட்டாகக் கயிறு, நான்கு ஆட்கள். அதுதான் எங்கள் கம்பெனி. கூரைமேல் சாய்ந்த பலாக்கொப்பு, மின்கம்பியை உரசும் மாமரம், ஒவ்வொரு மழைக்கும் அக்கம்பக்கத்தைப் பயமுறுத்தும் அல்பீசியா மரம் என்று கம்பளையிலிருந்து கண்டி வரைக்கும் எங்களைக் கூப்பிடுவார்கள். என் கணவர் மரத்தைப் பார்ப்பார், நான் ஆட்களைப் பார்ப்பேன். அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டோம். மரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் மனுசனுக்கு, ஓர் ஆளிடம் “சாப்பிட்டியா?” என்று கேட்க வாய் வராது.

நான்கு பேரும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கியிருந்தார்கள். மூன்று பேருக்கு ஊர் நாவலப்பிட்டிப் பக்கம். நாலாவது ஆள் பதுளைக்காரர், முப்பது வயதிருக்கும், மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தார். மரத்தின் உச்சிவரை ஏறுகிறவர் அவர்தான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவர் ஏறும்போது வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். நானே ஏறுகிற மாதிரி எனக்குப் பெருமை பிடிபடாது.

முதல் வருடம், கம்பளைப் பக்கம் மகாவலி ஆற்றின்மேல் சாய்ந்திருந்த ஒரு மரத்தில் வேலை. பதுளைக்காரர் மேலேயிருந்து குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து அவருடைய அடையாள அட்டை நழுவி ஆற்றில் விழுந்துவிட்டது. பொலிசில் முறைப்பாடு, கிராம சேவகரின் கடிதம், புதுப் படம் என்று மனுசன் அலையாத இடமில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புது அட்டை கைக்கு வந்த அன்றே நான்கு பேரையும் கூப்பிட்டேன்.

“எல்லாரும் ஐடிய இங்க குடுங்க. மரத்துல ஏறுற ஆளுக்கு அது பொக்கட்ல எதுக்கு? நான் பத்திரமா வச்சிருக்கேன்” என்றேன்.

டின்னில் போட்டு, டின்னை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். முதல் சில வாரங்கள் மாலையில் திருப்பிக் கொடுத்தேன். பிறகு அவர்கள் கேட்பதில்லை, நானும் எடுத்துக் கொடுப்பதில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போதுகூட ஒரு போட்டோக் கொப்பியைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். “திரும்பி வரத்தானே போறீங்க?” என்று நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். அவர்களும் சிரிப்பார்கள்.

எத்தனை நல்ல நாட்கள் அவை! பெரிய வேலை என்றால் நானும் சோற்றுப் பானையோடு லொறியில் ஏறிவிடுவேன். பேராதனைக்குப் போகும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி, ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன்டீயும். பனி விலகியிருக்காது. ஈர மரத்தூள் வாசம் எங்கள் எல்லாருடைய உடுப்பிலும் இருக்கும். ஒருநாள் காலை அந்தக் கடையில் பதுளைக்காரரின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. ஊரில் அவருடைய மகள் முதன்முதலாக நடக்கிறாள். அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்து வாசலில் மூன்று அடி வைத்து, தொப்பென்று உட்கார்ந்து, திரும்ப எழும்பி நடந்தாள். ஆறு தலைகளும் அந்தச் சின்னப் போனுக்குமேல் குவிந்திருந்தன. நான் கைதட்டினேன், என் கணவர்கூடக் கைதட்டினார். கடைக்காரர் ஆளுக்கொரு வாழைப்பழம் சும்மா கொடுத்தார். எங்கள் குடும்பம் பெரிதாகிவிட்டது என்று அன்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருடம் கண்டியில் ஒரு சுற்றுலா விடுதியிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். வருடம் முழுவதும் அவர்களுடைய மரங்களைப் பராமரிக்கும் வேலை. அதற்கு முன் ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொன்னார்கள். உங்கள் தொழிலில் நவீன அடிமைத்தனம் நடக்காமலிருக்க என்ன செய்கிறீர்கள் என்று அதில் கேட்டிருந்தது.

வாசித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. “அடிமையாம்! நாங்க சமைச்சதத்தான் அவங்களும் திங்கிறாங்க. காய்ச்சல்னா கசாயம் வச்சுக் குடுக்கிறது நான். இதுல அடிம எங்கருந்து வந்துச்சு?” என்று என் கணவர்மேல் பாய்ந்தேன். படிவத்தை எழுதியவரே அவர் என்பதுபோல மனுசன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பணியாளர்களின் அடையாள ஆவணங்களை நீங்கள் வைத்திருக்கிறீர்களா? இல்லை. அவர்கள் விரும்பியபோது வேலையை விட்டுப் போகலாமா? ஆம். பேனா கிழிக்கிற வேகத்தில் சரி போட்டுக்கொண்டே போனேன்.

கடைசிப் பக்கத்தில் ஆட்களின் அடையாள அட்டை இலக்கங்களை எழுதச் சொல்லியிருந்தது, விடுதியின் கேட்டில் அவர்களை உள்ளே விடுவதற்காக. எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, டின்னை எடுத்துவந்து, நான்கு அட்டைகளையும் மேசையில் பரப்பினேன். மூன்றாவது இலக்கத்தை எழுதும்போது கை நின்றுவிட்டது. பின் அறையில் ஆட்கள் பேசிச் சிரிப்பது கேட்டது. இலக்கத்தைக் கேட்க அவர்களில் ஒருவரையும் நான் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை.

முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடையாள ஆவணக் கேள்வியில் ‘இல்லை’க்கு நேரே நான் போட்ட சரி தாளையே ஓட்டை போட்டிருந்தது.

“நல்லதுக்குத் தானே வச்சோம்” என்றார் என் கணவர்.

“வாய மூடுங்க” என்றேன். பாவம், அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

அட்டைகளை அள்ளிக்கொண்டு பின் அறைக்குப் போனேன். நாவலப்பிட்டிக்காரர்கள் மூவரும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள். பதுளைக்காரர் மட்டும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். உடுத்தியிருந்த சாரத்தில் அட்டையைத் துடைத்தார். தன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அப்ப இனி நான் வீட்டுக்குப் போகலாமாக்கா?”

“எப்ப வேணாலும் போகலாமே தம்பி. யாரு வேணாம்னு சொன்னா?”

“யாரும் சொல்லலக்கா.” அட்டையை இடுப்பு மடியில் செருகிக்கொண்டார். “புள்ள பொறந்து ஆறாம் மாசம், எங்க தோட்டத்துக்குப் பக்கத்து பங்களாவுல பூந்தோட்ட வேலைக்கு கூப்புட்டாங்க. ஐடியோட வரச் சொன்னாங்க.”

“ஏன் தம்பி எங்கிட்ட கேக்கல? கேட்டிருந்தா குடுத்திருப்பேனே!”

“குடுத்திருப்பீங்கக்கா. மூனு நாள் கதவு வரைக்கும் வந்தேன். ஐடிய கேட்டா, ஏன்னு கேப்பீங்க. வேலய விட்டுப் போறேன்னு சொல்லணும். அக்காவும் அண்ணனும் இவ்ளோ நல்லா பாத்துக்கிறப்ப எப்படிச் சொல்றதுன்னு திரும்பிப் போயிட்டேன். அப்புறம் அந்த எடத்துக்கு வேற ஆள் வந்துட்டாங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வேறு வார்த்தை இதற்கு இல்லை.

படிவத்தில் ‘இல்லை’யை வெட்டி ‘ஆம், இன்றுவரை’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். விடுதிக்காரர்கள் விளக்கம் கேட்டார்கள், நடந்ததைச் சொன்னேன், வேலையைத் தந்தார்கள். இப்போது ஏறுகிறவர்கள் எல்லாருக்கும் காற்சட்டையின் உட்பக்கத்தில் ஜிப் வைத்த பை ஒன்று தைத்துக் கொடுக்கிறேன். அதற்குத்தான் அந்த டின்னில் ஊசியும் நூலும்.

பதுளைக்காரர் அந்த மாதமே போய்விட்டார். கண்டி ஸ்டேஷன்வரை லொறியில் கொண்டுபோய் விட்டோம். ரயில் புறப்படும்வரை கையசைத்துக்கொண்டிருந்தார், கோபமே இல்லாத முகத்தோடு.

அந்தத் தேநீர்க் கடையை இப்போதும் கடந்து போகிறோம். ஆறு தலைகளும் போனுக்குமேல் குவிந்திருந்த அந்தக் காலை, என் வாழ்க்கையின் மிக நல்ல காலைகளில் ஒன்றாக இன்றும் எனக்குள் இருக்கிறது. ஆனால் அன்று அவர் கைதட்டவில்லை. கையில் போன் இருந்ததால்தான் என்று நினைத்தேன். தன் மகள் நடப்பதை அவர் அந்தப் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய அட்டை என் அலுமாரியில் இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது, நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.