சோடாக் கம்பெனி பில்லில் பிள்ளையார் சுழி

சிங்கள ஊரான நாவுலயை விட்டு மாத்தளை ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது காலில் கொப்புளம் உடைந்தது. அறுவடை முடிந்த வயலில் எனக்கு வேலை இல்லை. காய்ச்சலும் வந்து போயிருந்தது. மத்தியானச் சோறு இல்லை, அது பழக்கம்தான்.

மாத்தளை ஓரத்தில் ஒரு சோடாக் கம்பெனி. வாசலில் தொப்பி போட்ட முதலாளி வண்டிக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளை சொல்லாமல் போய்விட்டாராம். வஹகோட்டை கிறிஸ்தவக் கோயில் திருவிழாவுக்கு விடிந்ததும் சோடா போக வேண்டும். பில் இல்லாமல் அங்கே கடைக்காரர் சரக்கை இறக்க விடமாட்டார்.

"நான் எழுதுவேன்," என்றேன்.

முதலாளி என் காலைப் பார்த்தார். "எதுவரைக்கும் படிச்சீங்க, தம்பி?"

"அஞ்சாவதுல பாதி."

"மத்தப் பாதி எங்க?" என்றார் வண்டிக்காரர்.

"ரோட்டுலதாண்ணே."

சோறு போட்டார்கள். பில் சரியாக இருந்தால் வேலை, இல்லாவிட்டால் சோற்றோடு சரி என்று சொல்லிவிட்டு முதலாளி சாயங்கால மஃரிப் தொழப் போனார்.

சோடாவுக்குத் தனி விலை, திரும்பி வர வேண்டிய போத்தலுக்குத் தனி, மரப்பெட்டிக்குத் தனி என்று எழுதிக் கூட்டினேன். கடைக்காரர் முன்கூட்டியே பணம் கட்டியிருந்தார். பெரிய தொகை வாங்கினால் அரசாங்கத்துக்கு முத்திரை வரி உண்டு. மேசையில் இருந்த ஒரே முத்திரையை ஒட்டி, குறுக்கே தேதியும் போட்டேன்.

முதலாளி வந்து விளக்கைக் கிட்டே இழுத்தார். கூட்டலைச் சரிபார்த்த விரல் தாளின் உச்சிக்குப் போய் நின்றது.

"இது என்ன?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். கை தன் பழக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டிருந்தது.

"முத்திர ஒட்டியாச்சு, மொதலாளி," என்றேன். வேறு தாளில் எழுத இன்னொரு முத்திரை இல்லை.

"எனக்கும் கண்ணு இருக்கு. நாங்க பிஸ்மிக்கு 786 போடுவோம். சோடா வாங்குறவரு வேதக்காரரு. நடுவுல இவரு எப்படி வந்தாரு?"

"திருவிழா பாக்க வந்திருப்பாரு," என்றார் வண்டிக்காரர்.

முதலாளி சிரிக்கவில்லை. "காலையில சொல்றேன்," என்று போய்விட்டார்.

போத்தல் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுத்தேன். வயிறு நிறைந்திருந்தது. இந்த வேலை இல்லையென்றால் கண்டி ரோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

காலையில் மாடு பூட்டியாகிவிட்டது. புது முத்திரை வாங்கத் தபால் கந்தோர் திறக்கும்வரை வண்டி நிற்க முடியாது. முதலாளி பேனாவை எடுத்து, சுழிக்குப் பக்கத்திலேயே 786 என்று எழுதினார்.

"கடைக்காரரு சிங்களத்துல கேள்வி கேப்பாரு. சிங்களம் வருமா?"

"நாவுலயில நிறையத் திட்டு வாங்கியிருக்கேன், மொதலாளி."

இப்போது சிரித்தார். "அப்ப கூடப் போங்க. போட்டவரே விளக்கமும் சொல்லுங்க. வெறும் போத்தல எண்ணி ஏத்திட்டு வந்து மேசையில உக்காருங்க. அடுத்த பில்லுல மட்டும் கைய அடக்குங்க."

"சரிங்க," என்றேன். கணக்கப்பிள்ளையாக என் முதல் நாள், வண்டியின் பின்பலகையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தொடங்கியது.