ஆறு கட்டையில் ஒடென்சே

சனிக்கிழமை காலை 9.10க்கு டோஸ்ட்ருப்பில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கார் புறப்பட்டது. நான் பஸ் ஓட்டுநர். கொப்பன்ஹேகனின் புறநகர்களில் இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன். நேரத்தையும் தூரத்தையும் குறித்துவைக்காவிட்டால் எனக்குப் பயணம் போன மாதிரியே இருக்காது. வாசகர்கள் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பின் இருக்கையில் என் மனைவி வசந்தி. அவளுக்குப் பக்கத்தில் மூன்று பட்டுச்சேலைகள் ஓர் ஆளைப்போல இடம் பிடித்திருந்தன. வசந்தியும் அவளுடைய தோழிகள் ரதி, மலர் இருவரும் சேர்ந்ததுதான் 'முக்கனி' என்ற பாட்டுக்குழு. அவர்கள் பாடுவது சோல். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் பாடிப் பழகி மேடைக்குக் கொண்டுவந்த இசை அது. தொண்டையால் பாடினால் காணாது, அடிவயிற்றிலிருந்து வரவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து சிறுமிகளாக வந்த மூன்று பேருக்கு அது எப்படி ஒட்டியது என்று எல்லோரும் கேட்பார்கள். இஷொய்ப் பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை ஒருநாள் ஒரு கசெட்டைப் போட்டார், ஒட்டிவிட்டது. அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

முப்பத்தைந்து வருடமாகப் பாடுகிறார்கள். இளைஞர் கழகம், பல்பொருள் அங்காடித் திறப்பு, மழையில் நனைந்த கோடைவிழா எல்லாம் பார்த்துவிட்டார்கள். நம்மவர் கல்யாணத்தில் தாலி கட்டியதற்கும் சாப்பாட்டுக்கும் இடையில்கூடப் பாடியிருக்கிறார்கள். ரதி மேல்குரல், மலர் நடுக்குரல், வசந்தி கீழ்க்குரல். மூன்று இசைத்தட்டுகள் வந்தன. ஒன்று விற்றது. மற்ற இரண்டும் எங்கள் வீட்டு நிலவறையில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. மூவரில் பலாப்பழம் யார் என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

இவ்வளவு காலமும் நான் அவர்களோடு வெளியூர் போனதில்லை. பாட்டுக்காரியின் கணவன் முன்வரிசையில் இருந்து தலையாட்டுவது எனக்குப் பிடிக்காத காட்சி. வழக்கமாக ஓட்டுகிற மலரின் தம்பிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் இந்தமுறை நான் அகப்பட்டுக்கொண்டேன்.

9.35. ஒன்பது கிலோமீட்டர் ஓடி இஷொய். அடுக்குமாடிகளின் கீழே, கார் நிறுத்துமிடத்தில் ரதி ஒரு பெட்டி மட்டன் றோல்ஸோடு நின்றாள். வயது ஐம்பத்திரண்டு. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. ஒக்டோபரில் அவளுடைய கழுத்தில் தைராய்டுக் கட்டி ஒன்றை எடுத்தார்கள். குரலுக்குப் போகிற நரம்பு களைத்திருக்கிறது, பழையபடி வரலாம், வராமலும் விடலாம் என்று வைத்தியர் சொன்னாராம். எட்டு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் முதல் மேடை.

அந்த மேடைக்கு ரதி ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். அவர்களுடைய கடைசிப் பாட்டு அவர்களே கட்டியது. பாதி டேனிஷ், பாதி தமிழ். முடிகிற இடத்தில் மேல்குரல் ஓர் உச்சத்தைப் பிடித்து எட்டு எண்ணும்வரை நிற்கவேண்டும். அதைக் கேட்காமல் சனம் எழும்பாது. அந்தப் பாட்டின் சுருதி ஆறு கட்டை. கட்டை என்றால் பாட்டு நிற்கிற உயரம் என்று வசந்தி எனக்கு ஒருமுறை விளங்கப்படுத்தியிருந்தாள். கட்டை ஏற ஏறக் குரலும் ஏறவேண்டும்.

"ஆறெண்டா ஆறுதான்," என்று ரதி சொல்லியிருந்தாள். "ஒரு கட்டை இறக்கினாலும் நான் மேடையை விட்டுப் போயிடுவன். அதுக்குப் பிறகு முக்கனியும் இல்லை, ஒண்டும் இல்லை."

சொன்னால் செய்கிறவள். கணவனை விட்டு வரும்போதும் இப்படித்தான் ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு வந்தாள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வியாழக்கிழமை மாலை வசந்தி உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் நின்று, கீபோர்ட் வாசிக்கும் யென்ஸுக்குத் தொலைபேசி எடுத்து, அந்தப் பாட்டை ஐந்து கட்டையில் வாசிக்கச் சொன்னாள். வெளியே வந்தபோது வாசலில் நான் நின்றேன்.

"ரதிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவள் உச்சத்தில உடைஞ்சுபோய் நிக்கிறதை என்னால பாக்கேலாது."

"மலருக்குத் தெரியுமோ?"

"மலரோட எப்பிடிக் கதைக்கிறது? சட்டம் இருக்கெல்லே."

மூவரில் இருவர் சேர்ந்து மூன்றாமவளைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம். பதினேழு வயதில் போட்டது. எத்தனையோ குழுக்கள் புறணியால் உடைந்தன, இது உடையவில்லை. கல்யாணங்கள், பிள்ளைப்பேறுகள், ஒரு விவாகரத்து எல்லாவற்றையும் இந்தச் சட்டம் தாண்டி வந்திருக்கிறது. நல்ல சட்டம்தான், ஆனால் அன்றைக்கு அது காலை வாரிவிட்டது.

10.50. ரிங்ஸ்டெட்டையும் ஸ்லாயல்ஸயையும் கடந்து பெரும் பாலத்துக்கு வந்தோம். பதினெட்டுக் கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கடல். காற்றுக்குக் கார் லேசாக ஆடியது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தேன். ரதி வழி முழுவதும் வாயை மூடியபடி முனகிக்கொண்டே வந்தாள். ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் அந்த முனகல் போகவில்லை என்பதை நான் கவனித்தேன். பின்னால் வசந்தியும் கவனித்திருப்பாள்.

"அண்ணை, உந்தப் பாலம் வரமுன்னம் இதில கப்பல்," என்றாள் ரதி. "ஒரு மணித்தியாலம். மேல்தட்டில நிண்டு ஒத்திகை பாப்பம். சனம் சுத்தி நிண்டு கேக்கும். கன்டீன்காரன் சும்மா கோப்பி தருவான்."

"குளிரேல்லையோ?"

"பாடேக்க என்ன குளிர்?"

11.40. ஒடென்சே. இஷொயிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். டிராம் தண்டவாளத்தோடு கொஞ்சத் தூரம் போய், துறைமுகப் பக்கமாகத் திரும்பினால் பண்பாட்டு இல்லம். முன்பு களஞ்சியமாக இருந்த செங்கல் கட்டடம். நுழைவுச்சீட்டு 120 குரோனர், ஒரு கோப்பை கோப்பி 32. நிகழ்ச்சி மூன்று மணிக்கு. என்னுடையது பழைய மின்சாரக் கார். பட்டறியில் இருபத்தெட்டு வீதம் மிஞ்சியிருந்தது. மின்னேற்றும் கம்பங்கள் இரண்டையும் வேறு கார்கள் பிடித்திருந்தன.

மலர் வாசலில் நின்று மூவரையும் கட்டிப்பிடித்தாள். ஒடென்சேயிலேயே இருப்பவள், பாலர் பள்ளி ஆசிரியை, எப்போதும் சிரிப்பவள். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தாள். யென்ஸ் அறுபது தாண்டிய, நீளமான, அதிகம் பேசாத மனிதர். டேனிஷ்காரரில் இந்த வகையினர் உங்கள் சட்டையில் நெருப்புப் பிடித்தாலும், நீங்கள் கேட்கும்வரை சொல்லமாட்டார்கள்.

12.30. ஒலிச்சோதனை. மற்ற ஐந்து பாட்டுகளையும் ரதி ஒதுங்கி ஒதுங்கிப் பாடிக் கடந்தாள். பிறகு கடைசிப் பாட்டு. யென்ஸ் தொடங்கினார். அவருடைய புருவம் மேலே போனது, ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. மூவரும் பாடத் தொடங்கினார்கள். பாட்டு கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி வந்தது. இரண்டாவது வரியில் வசந்தியின் குரல் கீழே கீழே போய்க் காணாமலே போய்விட்டது. அவள் வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே விளங்கியது, ஏதோ பிழை.

ரதி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நாலு கட்டை. ரெண்டு இறங்கிக் கிடக்கு. ஆர் செய்தது?"

வசந்தி, "நான் ஒண்டுதான் இறக்கச் சொன்னனான்," என்றாள்.

"நானும் ஒண்டுதான்," என்றாள் மலர், முகத்தைப் பொத்திக்கொண்டு. ஐந்தாம் பாட்டு முடிந்து யென்ஸ் கோப்பிக்குப் போயிருந்த நேரத்தில் அவள் கீபோர்டில் சுருதியை இறக்கும் பொத்தானை அமத்தியிருக்கிறாள். யென்ஸ் தன் பங்குக்கு வசந்தி சொன்னபடி ஒரு கட்டை இறக்கித்தான் வாசித்தார்.

"ஒருத்தி ஒண்டு, மற்றவள் ஒண்டு," என்றாள் ரதி. "என்னட்டை ஒருத்தியும் கேக்கேல்லை. முப்பத்தைஞ்சு வருசம்."

அவள் கத்தவில்லை. ஒலிவாங்கியைத் தாங்கியில் பத்திரமாக வைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கார்த் திறப்பு என்னிடம் இருந்ததால் நான் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

1.05. கார் நிறுத்துமிடம்.

"அண்ணை, என்னை இஷொய்க்குக் கொண்டுபோய் விடுங்கோ."

"பட்டறியில இருபத்தெட்டு வீதம். பாலத்தில நிண்டுபோனா ஆர் தள்ளுறது? நீங்களோ?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். நானும் ஏறினேன். கண்ணாடிகளைப் பூட்டச் சொன்னாள். பிறகு அந்தக் கடைசி இடத்தை ஆறு கட்டையில் பாடினாள். குரல் நன்றாகத்தான் ஏறியது, ஆனால் மேலே போய்ச் சேர்ந்த இடத்தில் சத்தம் இல்லை, காற்று மட்டும் வந்தது. இன்னொருமுறை பாடினாள். மூன்றாம் முறையும்.

"வந்ததோ, அண்ணை?"

பொய் சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் என் தொழிலில் இந்த பஸ் அங்கே போகுமா என்று கேட்கிறவருக்குப் போகும் என்று பொய் சொல்ல முடியாது. சொன்னால் தெரியாத இடத்தில் இறங்கி நிற்கப்போவது அவர்தான்.

"வரேல்லை," என்றேன்.

அவள் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வருடக்கணக்காக வாய்க்குள் வைத்திருந்த ஒன்று அப்போது வெளியே வந்துவிட்டது.

"வசந்தி வீட்டில கீழ்க்குரல் பாடுறதே இல்லை. பாத்திரம் கழுவேக்க உங்கட குரலைத்தான் பாடுறவ. அந்தக் கடைசி இடத்தையும்."

ரதி திரும்பினாள். "வருமோ? அந்த இடம்?"

"எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனா கண்ணாடி அலுமாரி கிணுகிணுக்கும். பக்கத்து வீட்டுக்காரன் ஒருக்கா வந்து கதவையும் தட்டினவன்."

அவள் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே நடந்தாள். அவள் போன வேகத்தில், பின்னால் ஓடிய எனக்கு மூச்சு வாங்கியது. மேடையில் வசந்தியும் மலரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இருவர் கண்ணும் சிவந்திருந்தது.

"பாட்டு ஆறு கட்டையிலதான்," என்றாள் ரதி. "வசந்தி, நீ மேல போ. நான் கீழ வாறன். ஒப்பரேசனுக்குப் பிறகு என்ர குரல் அங்கதான் நிக்குது."

"உனக்கென்ன விசரே? எனக்கு ஏலாது."

"வீட்டில ஏலுமாம்."

வசந்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒளிக்க ஒடென்சே முழுவதிலும் இடமில்லை. "உன்ர இடத்தில நான் நிண்டா சனம் என்ன நினைக்கும்?" என்றாள்.

"சனம் நினைக்கிறது சனத்தின்ர பாடு. பாட்டு இறங்காது. ஆள்தான் மாறும். யென்ஸுக்குச் சொல்லு மலர், பொத்தானைத் திருப்பி அமத்தச் சொல்லி."

2.50 வரை பழகினார்கள். நான் கொண்டுபோய்க் கொடுத்த றோல்ஸை யென்ஸ் மட்டும்தான் சாப்பிட்டார். நாலு சாப்பிட்டார். இடையில் ஒரு கம்பம் காலியாகி, நான் காரையும் செருகிவிட்டு வந்தேன்.

3.00. தொண்ணூறு கதிரைகளில் எண்பது நிறைந்திருந்தன. பெரும்பாலும் நரைத்த டேனிஷ் தலைகள். பின்னால் நம்மவர் ஏழெட்டுக் குடும்பம், ஓடித்திரியும் பிள்ளைகளோடு. ஐந்து பாட்டு முடிந்ததும் மூவரும் இடம் மாறி நின்றார்கள். பழைய இரசிகை ஒருத்தி பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னாள்.

கீழ்க்குரலில் ரதி இரண்டு இடத்தில் வழி தவறினாள். மலர் இடுப்பில் இடித்துத் திருப்பிவிட்டதை நான் பார்த்தேன். ஆனால் அந்தக் குரலில் முன்பு இல்லாத ஒரு கனம் இருந்தது. மண்டபத்தின் நிலமே பாடுவதுபோல இருந்தது. வசந்தி கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். அந்த இடம் வந்தது. பிடித்தாள். நான் எண்ணினேன். எட்டு தாண்டியது. ஒன்பது. பத்து. எங்கள் சமையலறையில் பாதி வாழ்நாள் கேட்ட சத்தம்தான். அதை நான் ஒருநாளும் நின்று கேட்டதில்லை. எனக்குக் கண்ணீர் வந்தது, சொல்ல வெட்கமில்லை. முன்வரிசையில் இருந்துகொண்டு தலையாட்டினேன், நன்றாகவே ஆட்டினேன்.

5.20க்குப் புறப்பட்டோம். ஜூன் மாதம், வெயில் அப்படியே நின்றது. பாலத்தில் ஏறும்போது வசந்தி பின்னால் வாயைத் திறந்தபடி நித்திரை. ரதி குரலைத் தணித்துச் சொன்னாள்:

"மேல நிக்கேக்க எனக்கு என்ர சத்தம் மட்டும்தான் கேக்கும், அண்ணை. கீழ நிண்டாத்தான் மூண்டு பேரும் கேக்குது. இவள் இவ்வளவு காலமும் என்னை எப்பிடித் தாங்கிக்கொண்டு நிண்டவள் எண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

வீதியைப் பார்த்து ஓட்டினேன். எனக்கும் ஐம்பத்தெட்டாகிறது. முதுகுவலியைக் காட்டி வேலையை நேரத்தோடு விட்டுவிடலாமா என்று இந்த வருடம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தவன் நான். அன்று அந்தப் பாலத்தில் அந்த யோசனை எனக்குக் கூச்சமாக இருந்தது.

7.05. இஷொய். கார் நின்றதும் வசந்தி விழித்தாள். ரதி இறங்கி, பின்கதவைத் திறந்து, தன் சேலையை எடுத்தாள். எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை மூண்டு மணிக்கு முடியுது. வா. கீழ்க்குரலை முதல் பாட்டிலயிருந்து எனக்குச் சொல்லித் தா."

"பதினெட்டுப் பாட்டடி," என்றாள் வசந்தி, தூக்கம் கலையாமல்.

"அதுக்கென்ன, பிழைவிட்டா அடி," என்றாள் ரதி. "உனக்கு நான் அடிச்சுத்தானே பழக்கினனான்."