வெள்ளிக்கிழமைக்காக எடுத்த பாடங்கள்

தெரிவுப் பாடம் என்பது மாணவர் தம் எதிர்காலத்தைத் தாமே தீர்மானிக்கும் அரிய வாய்ப்பு என்று பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக் கைநூல் சொல்லும். உயிரியல் படித்துச் சீரழிந்த சகோதர சகோதரிகளே, நாம் எதைப் பார்த்துத் தீர்மானித்தோம் என்பது நமக்கல்லவா தெரியும்! தாவரவியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. தேயிலையின் கொப்புள நோயை ஒழிக்கப்போகிறேன் என்று என் ஊரான தெல்தோட்டை முழுக்கப் பீற்றியும் வைத்திருந்தேன்.

ஒன்றரை மணி பஸ்

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் பதிவுப் படிவம் தந்தார்கள். பாட விபரத்தை நான் தொடவே இல்லை, நேர அட்டவணையைத்தான் விரித்தேன். வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி தெல்தோட்டை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். அதை விட்டால் வழியில் கலஹா வரை ஒற்றைக்கால் தவம்தான். வெள்ளி பிற்பகலில் ஜெனடிக்ஸ், அதாவது மரபியல், இருந்தது. அந்தப் பாடத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அறைத்தோழன் ரியாஸ் வத்தேகமக்காரன். படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மச்சான், நீ பாடம் எடுக்கிறியா, பஸ்ஸுல சீட் பிடிக்கிறியா?"

குப்பி

விரிவுரையெல்லாம் ஆங்கிலம். பள்ளியில் தமிழில் படித்த எங்களுக்கு உயிர் கொடுத்தது குப்பி. அதாவது, பரீட்சைக்கு முன் மூத்த மாணவர் ஒருவர் எங்களை உட்கார்த்தித் தமிழில் சொல்லித் தருவது. எதற்குத் தமிழ்க் குப்பி உண்டோ அதுவே நல்ல பாடம். மீனியலுக்கு யாழ்ப்பாணத்துச் சிவநேசன் அண்ணா குப்பி கொடுத்தார். எட்டுப் பேர் போய் விழுந்தோம். மீனைக் கருவாடாக மட்டுமே அறிந்த நானும்தான்.

செய்முறைப் பரீட்சையில் போத்தல் போத்தலாக முழு மீன்களை வைத்துப் பெயர் கேட்டார்கள். தலையோடு பார்த்ததில் ஒன்றுகூடத் தெரிந்த முகமாக இல்லை. பெயிலான பிறகுதான் அண்ணா என்ன கிரேட் வாங்கியிருந்தார் என்று கேட்கத் தோன்றியது. அவர் மறைக்கவில்லை: "நான் இன்னும் பாஸ் பண்ணேல்லைத் தம்பி. உங்களுக்குச் சொல்லித் தந்தால் எனக்கும் பாடமாகும் எண்டுதான்."

பின்பக்கம்

வருட முடிவில் சிறப்புப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போனேன். அலுவலகத்துச் சிங்கள அம்மணி, எங்கள் பேச்சில் நோனா, என் தாளைப் பார்த்துவிட்டு, ஜெனடிக்ஸ் எங்கே என்றார். அது தெரிவுப் பாடம்தானே என்று நானும் சட்டம் பேசினேன். அவர் பழைய பதிவுப் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எந்தச் சிறப்புப் பட்டத்துக்கு எந்தத் தெரிவுப் பாடம் கட்டாயம் என்ற பட்டியல் அங்கே இருந்தது. அந்தப் படிவத்தின் பிரதி ஒரு வருடமாக என் மேசையில் கிடந்தது. அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பையைத்தான் வைத்து வந்தேன். நோனா கோபப்படக்கூட இல்லை, சிங்களத்தில் தம்பி என்றழைத்தே சொன்னார்: "மல்லி, பின்பக்கமும் வாசிக்கத்தான் அடிச்சிருக்கு."

வீட்டில்

சிறப்புப் பட்டம் போயிற்று, மூன்றாம் வருடத்தோடு சாதாரணப் பட்டம்தான் என்று வீட்டில் சொல்ல வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தார். "எனக்கு மூணு வருசத்துல முடிஞ்சிரும்ப்பா" என்றேன். கூடப் படிக்கிறவர்களுக்கு எவ்வளவு என்று கேட்டார். நாலு என்றேன். மிச்சத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்: "அண்ணே, மத்தவங்க நாலு வருசம் படிக்கிறத நம்ம பய மூணே வருசத்துல முடிக்கிறான்!"

அப்பாவைத் திருத்துவதில்லை என்று முடிவெடுத்து, நான் உள்ளே போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டேன். பல்கலைக்கழகக் காலத்தில் யாரையும் எதையும் பார்க்காமல் நானே செய்த ஒரே தெரிவு அதுதான்.