மாப்பிள்ளை எத்தனை சக்கர உசரம்?

பிளெக்ஸ் பேனர் அடிக்கிறதுங்கிறது ஊரார் மூஞ்சியைப் பெருசாக்கிட்டு நம்ம மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிற தொழில்.

நம்ம தீவுல, டாலிகஞ்ச்ல பேனர் கடை வச்சிருக்கேன்னு சொன்னதுமே நீங்க என்ன எதிர்பார்க்கிறீங்கன்னு தெரியும். செத்துப்போனவர் படத்தைப் போட்டு ‘பல்லாண்டு வாழ்க’ன்னு அடிச்ச கதை வரும்னு உக்காந்திருப்பீங்க. வராது. மேடையில நான் மிமிக்ரி பண்றதைப் பார்த்தவங்க, ‘அண்ணே, துறைமுக ஜெட்டியில கப்பல் லேட்டுன்னு மைக்ல சொல்வாங்களே, அதைப் பண்ணுங்க’ன்னு கேப்பீங்க. அதுவும் இன்னிக்குக் கிடையாது. இன்னிக்குப் பத்தாங்கிளாஸ் கணக்கு. வடிவொத்த உருவங்கள். எந்திரிக்காதீங்க, உக்காருங்க. உங்க கல்யாண பேனர்லயும் எவனோ ஒருத்தன் இடம் ரொம்பணும்னு உங்க தாடையை இழுத்துத்தான் விட்டிருப்பான். நாமெல்லாம் ஒரே வியாதிக்காரங்க.

டபுள்

பூஜைக் கமிட்டி பெங்காலி தாதா ஒருத்தர், தாதான்னா அவங்க பாஷையில அண்ணன். போன வருஷம் அடிச்ச ஆறடிக்கு நாலடி பேனரைச் சுருட்டி எடுத்துட்டு வந்து, இந்த வருஷம் டபுள் வேணும்னாரு. ரெண்டு பக்கமும் டபுளான்னு கேட்டேன். ஆமான்னாரு. பன்னெண்டுக்கு எட்டுன்னு போட்டு மெஷினை ஓட்டினேன். ரோல் பாட்டுக்குப் போயிட்டே இருக்கு. தாதா பழைய பேனரை எடுத்துப் புதுசு மேல விரிச்சாரு. ஒண்ணு வச்சாரு, பக்கத்துல இன்னொண்ணு வைக்க இடம் இருந்துச்சு. சரின்னு பார்த்தா, கீழே இன்னும் ரெண்டுக்கு இடம் கெடக்கு.

நீளமும் டபுள், அகலமும் டபுள்னா பரப்பு நாலு மடங்குன்னு பேப்பர்ல கட்டம் போட்டுக் காட்டினேன். மனுஷன் ஒத்துக்கல. என் கவலை வேற. நாலு மடங்குல ரோல் கிட்டத்தட்ட காலி. அடுத்த ரோல் மெயின்லேண்ட்லேர்ந்து கப்பல்ல வரணும். கடல் சரியில்லை, கப்பல் கெளம்பவே இல்லை. ஒரே ஒரு பேனர் அளவுக்குத் துண்டு மிச்சம் நிக்குது. தாதா போறப்ப வாசல்ல திரும்பி நின்னு சொன்னதை அவர் குரல்லயே சொல்றேன்: “பாய், மைனே டபுள் போலா. யே சார் குணா கிஸ்னே போலா?”

நீங்க டபுள்தான் சொன்னீங்க, நாலு மடங்குன்னு யாருமே சொல்லல தாதா, அது தானா வரும்.

கால் வேண்டாம்

பாண்டியன் காண்ட்ராக்டர். ராமநாதபுரத்துக்காரர். புரோத்ராபூர்ல பாதி வீடுக அவர் எழுப்பினதுதான். நின்னு பேசணும்னா கடைக்கு உள்ளே வரமாட்டாரு, வாசப்படி மேல ஏறி நின்னுதான் பேசுவாரு. நான் இறங்கித் தெருவுல நின்னு அண்ணாந்து பதில் சொல்லணும். குரலும் அப்படித்தான், மாடியிலேர்ந்து சாரத்துக்காரனை அதட்டுற குரல்.

இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்குப் பழைய கல்யாண போட்டோவைக் கொண்டுவந்து பெருசு பண்ணச் சொன்னாரு. நல்ல படம். அவரும் அண்ணியும் நிக்கிறாங்க, அண்ணியைவிட அவர் அரைத்தலை உசரம். நீள வாக்குப் படம், அவர் கேட்டதோ அகலமான பிரேம். முழுசா வேணும்னா ரெண்டு பக்கமும் காலி விழும், ரொம்பணும்னா எதையாவது வெட்டணும்னேன். அகலத்துல மட்டும் இழுத்தா அண்ணி குண்டாயிடுவாங்கன்னு விளக்க ஆரம்பிச்சேன். அவர் காத்திருக்கவே இல்லை. முட்டிக்குக் கீழே வெட்டிருன்னாரு. பட்டு வேட்டிக் கரையெல்லாம் போயிடுமேன்னு நான் சொல்லச் சொல்ல, குனிஞ்சு ஸ்கிரீனை விரலால மறைச்சுக்கிட்டு சொன்னாரு: “கால் வேண்டாம் தம்பி. காலையா பாக்கப் போறாங்க, மூஞ்சியைத்தானே பாப்பாங்க.”

கோழிமுட்டைச் சக்கரம்

அடுத்து அவர் மக கயலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மெயின்லேண்ட், திருச்சிப் பக்கம். பேச்சு, பூ வைக்கிறது எல்லாமே வீடியோ கால்லதான். வெள்ளிக்கிழமை பிளைட்ல வந்து இறங்குறாங்க, ஞாயித்துக்கிழமை முகூர்த்தம். பாண்டியனுக்கு ஒரே நிபந்தனை, அதை ஊருக்கே சொல்லிட்டாரு: கயல் அஞ்சடி எட்டங்குலம், பக்கத்துல நிக்கிறவன் அவளுக்கு மேல இருக்கணும். அதுக்காகவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு. இந்த மாப்பிள்ளை பைக் பக்கத்துல நிக்கிற படத்தை போன்ல காட்டி, கயல் படத்துக்குப் பக்கத்துல வச்சு பன்னெண்டுக்கு எட்டுல அடி, முழு உருவமா, பைக்கோட, மருமகன் உசரம் ஊருக்குத் தெரியணும்னாரு. மிச்சம் இருந்த கடைசித் துண்டு அதுக்குத்தான்.

படத்தை ஸ்கிரீன்ல போட்டேன். மாப்பிள்ளை நல்லா நெடுநெடுன்னு இருக்காரு. பைக் சக்கரம் மட்டும் கோழிமுட்டை மாதிரி நிக்குது. வட்டத்தை எத்தனை மடங்கு பெருசாக்குங்க, சின்னதாக்குங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவுல பண்ணா வட்டம் வட்டமாத்தான் இருக்கும். சக்கரம் முட்டையாச்சுன்னா எவனோ நெடுக்க மட்டும் இழுத்திருக்கான். மிமிக்ரியும் அப்படித்தான்: சத்தத்தை மட்டும் தூக்கினா ஆள் மாறிடும், மூச்சு, இழுவை, இருமல் எல்லாத்தையும் சேர்த்துத் தூக்கணும். நான் சக்கரம் வட்டமாகிற வரைக்கும் படத்தை அமுக்கினேன். சக்கரம் வட்டமாச்சு. மாப்பிள்ளை குட்டையா, கன்னத்தோட, சிரிச்ச முகமா வெளியே வந்தாரு.

அன்னிக்குச் சாயங்காலமே கயல் கடைக்கு வந்துச்சு. ஸ்கிரீனைப் பார்த்ததும் மொகம் செத்துப்போச்சு. படத்தை இழுத்தது கயல்தான், போன்லயே. காலேஜ்ல கூடப் படிச்ச பையன். புரோக்கர் மூலமா வந்த வரன் மாதிரி ஜோடிச்சு, வீடியோ கால்ல உக்கார வச்சே பேச வச்சிருக்கு. அப்பாக்கிட்ட நேரா சொல்லிடேன்னேன். தட்டிப்போன ரெண்டு இடத்தையும் ஞாபகப்படுத்திச்சு. அப்புறம் குரலை எறக்கிச் சொன்னுச்சு: “வெள்ளிக்கிழமை ஏர்போர்ட்ல ஆளு இறங்கிட்டா அப்பா வாயைத் திறக்க மாட்டாரு அங்கிள், ஊரு பாக்கும்ல. அதுவரைக்கும் படம் பேசாம இருந்தாப் போதும்.”

ரோடு ரோலர்

இழுத்த படத்தை அப்படியே அடிக்க முடியாது. போன்ல கண்ணுக்குத் தெரியாத தப்பு எட்டடியில கத்தும். படம் பெருசாகும்போது தப்பும் கூடவே பெருசாகும். அதனால ஒரு வேலை பண்ணேன். மாப்பிள்ளையை அவரோட சொந்த வடிவத்துலயே விட்டேன், சக்கரம் வட்டம், கன்னம் கன்னம். ஆனா அந்தப் படத்தைக் கயல் படத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாப் பெருசாக்கினேன். கயலும் கயல் மாதிரியே இருக்கு, மாப்பிள்ளையும் மாப்பிள்ளை மாதிரியே இருக்காரு. வடிவத்துல ஒரு பொய் கிடையாது. பொய் முழுக்க அளவுலதான்.

வியாழக்கிழமை மத்தியானம் மெஷினை ஓட்டினேன். பாண்டியன் முன்னாலேயே வந்து உக்காந்துட்டாரு. பேனரைத் தூக்கிக் கட்ட மூங்கிலோட காளிமுத்து மேஸ்திரி, அவர்கிட்ட ஆரம்பத்துலேர்ந்து வேலை பாக்குற ஆளு. கயலும் வந்து கதவுப் பக்கத்துல நின்னுச்சு. பன்னெண்டடி நீளம், அதனால படம் படுத்த வாக்குலதான் வெளியே வரும். மொதல்ல கயல் வந்துச்சு. அப்புறம் மாப்பிள்ளை, கயலுக்கு மேல நாலு விரக்கடை. பாண்டியன் கழுத்தைச் சாய்ச்சுப் பார்த்து தலையாட்டினாரு. நான் மூச்சு விட்டேன். கயலும் விட்டுச்சு. மிச்சம் பைக் மட்டும்தான்.

பைக் வந்துச்சு. மேஸ்திரி குனிஞ்சு பார்த்தாரு, அப்புறம் கயலைப் பார்த்தாரு, மறுபடி குனிஞ்சாரு. இது என்ன மொதலாளி ரோடு ரோலர் மாதிரி இருக்கு, ஹேண்டில்பார் பாப்பா நெஞ்சு வரைக்கும் வருதேன்னாரு. கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, மூங்கில் எங்க கட்டலாம்னு பார்த்துட்டிருந்த மனுஷன்.

பாண்டியன் சிரிக்கல. வாழ்நாள் பூரா வரைபடத்தைப் பார்த்து வீடு கட்டுறவரு. எந்திரிச்சு வெளியே போனாரு. பக்கத்துப் பங்க்சர் கடையில அதே மாதிரி பைக் ஒண்ணு நின்னுச்சு. கயலைக் கூப்பிட்டுப் பக்கத்துல நிக்க வச்சாரு. ஹேண்டில்பார் இடுப்புக்குக் கொஞ்சம் மேலதான் வந்துச்சு. சட்டைப் பையிலேர்ந்து டேப்பை எடுத்தாரு. அந்தச் சக்கரத்தை அளந்தாரு, டயரோட ரெண்டடி. உள்ளே வந்து ஈரம் காயாத பேனர்ல சக்கரத்தை அளந்தாரு, அப்புறம் மாப்பிள்ளையைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் அளந்தாரு. மெஷின் தலை இங்கேயும் அங்கேயும் போயிட்டு வருது.

“மாப்பிள்ளை எத்தனை சக்கர உசரம் தம்பி?”ன்னாரு, என்னைப் பார்க்காமலே.

அவரே சொன்னாரு. ரெண்டே முக்காலுக்கும் கொஞ்சம் கம்மி. படம் எத்தனை மடங்கானாலும் அந்தக் கணக்கு மாறாது, சக்கரம் ரெண்டடின்னா ஆளு அஞ்சடி நாலங்குலம். என் மகளுக்குக் கண்ணு மட்டம்தான். சொல்லிட்டு டேப்பை விட்டாரு, அது சர்ருனு உள்ளே ஓடிச்சு. கயல் சுவத்துல சாஞ்சுக்கிச்சு. நான்தான் இழுத்தேன்ப்பா, அவருக்குத் தெரியாதுன்னு மட்டும் சொன்னுச்சு.

பாண்டியன் மெஷினை நிறுத்தச் சொன்னாரு. நிறுத்தினா அந்தத் துண்டு பாழ், ஊர்ல வேற துண்டு கிடையாது. அதைச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். பேனரே வேண்டாம், கல்யாணமே வேண்டாம், டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லி அவங்களுக்கு போன் போடுன்னு கயல்கிட்ட போனை நீட்டினாரு. பொண்ணைவிடக் குட்டையா ஒருத்தன் மேடையில நின்னா ஊரு என்னைக் கேக்காதான்னாரு. கயல் போனை வாங்கல. வாசப்படி மேல ஏறி நின்னு மறுபடி நீட்டினாரு. கயல் கையைப் பின்னாடி கட்டிக்கிச்சு.

அப்பத்தான் காளிமுத்து மேஸ்திரி மூங்கிலைத் தோள்லேர்ந்து இறக்கி வச்சாரு. சமாதானம் பண்ற நெனப்புலதான் சொன்னாரு, அது மொகத்துலேயே தெரிஞ்சுது: “இதுக்குப் போயி ஏன் மொதலாளி, ஒங்க கல்யாணத்துல அண்ணி பக்கத்துல நிக்க ஒங்க காலுக்கு அடியில ரெண்டு ஹாலோபிளாக் கல்லு அடுக்குனதே நான்தானே, தம்பிக்கும் நானே அடுக்கிடுறேன்.”

பாண்டியன் போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வாசப்படியிலேர்ந்து கீழே இறங்கினாரு.

எத்தனையோ பேரைப் பெருசாக்கியிருக்கேன், சின்னதாக்கியிருக்கேன். ஆனா ஒரு மாமனாரும் மருமகனும் ஒருத்தரை ஒருத்தர் இழுக்காம அமுக்காம இவ்வளவு அச்சா வடிவொத்து, கல்லு இல்லாத மேடையில ஒரே உசரத்துல நின்னதை அந்த ஞாயித்துக்கிழமைதான் பார்த்தேன்.