நாலரைக்கு முன் மாட்டிய கழுத்து

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பத்துக்குக் காரியம் கெட ஆரம்பித்தது. அடுப்பில் தேத்தண்ணி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்ததால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது. மகளின் அறையிலிருந்து முகப்பவுடர் வாசனை வந்தது. எங்கள் வீட்டில் யாரும் பவுடர் போடுவதில்லை. நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஏழாவது மாடியில் இருக்கிறோம். சன்னலைத் திறந்தால் மல்லிகையும் மீன்கறியும் சேர்ந்து மேலே ஏறி வரும், பவுடர் வராது. கதவைத் தள்ளினேன். தர்ஷினி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் என் அண்ணனின் பேஸ் கிட்டார் கழுத்து கிடந்தது. உடல் இல்லை, தந்தி ஓடும் நீளக் கழுத்து மட்டும்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"மாமா குடுத்தாரும்மா. நேத்து கிள்ளான் போயி எடுத்துட்டு வந்தேன்."

"எந்த மாமா?"

"ஒனக்கு எத்தன அண்ணன் இருக்காங்க?"

எனக்கு ஒரே அண்ணன். துக்க வீடுகளில் மட்டும் பார்த்துக்கொள்வோம். அங்கேயும் அவர் பந்தலின் அந்தக் கோடியில் நிற்பார், நான் இந்தக் கோடியில்.

அந்தப் பவுடர் அவருடையதுதான். விரல் வழுக்கிப் போகவேண்டும் என்று வாசிப்பதற்கு முன் கழுத்தின் பின்பக்கம் பவுடரைக் கொட்டித் தேய்ப்பார். இத்தனை வருடம் கழித்தும் மரத்திலிருந்து அது போகவில்லை. கல்யாணத்துக்கு முன் நான் போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. சனிக்கிழமை மதியம் வேலை முடியும். சாயந்திரம் கல்யாண விருந்துகளில் பாட்டு. நான் பாடுவேன், அண்ணன் பேஸ். எங்களிடம் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். முழு கிட்டாரை அதில் கொண்டுபோக முடியாது. அதனால் நாலு திருகாணியைக் கழற்றி, உடலை ஒரு பையில் போட்டு என் முதுகில் மாட்டிவிடுவார். கழுத்தை நான் மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்வேன். ஒருமுறை சாலைத் தடுப்பில் நின்ற போலீஸ்காரர் என்னைப் பார்த்து, துப்பாக்கியா என்று மலாயில் கேட்டார். பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக யாராவது துப்பாக்கி கடத்துவார்களா? சரி, எனக்கு அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தக் கழற்றி மாட்டும் பழக்கத்தால்தான் கழுத்து தப்பியது. அண்ணன் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது உடல் கட்டிலுக்கு அடியில் கிடந்து ஊறி வெடித்துப் போயிற்று. கழுத்து அலமாரி மேல் இருந்தது.

பாட்டு எப்படி முடிந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் ஒரு மண்டபம். இரண்டாவது சரணத்தில் இருக்கிறேன், மைக் செத்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அண்ணன் கையில் ஒயர். பிடுங்கியவரே அவர்தான். "ஒன்னப் பாக்க மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. எறங்கு கீழ," என்றார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொண்டேன். அவர் இப்போது ஜொகூரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அண்ணன் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்படிப்பட்டவரிடம் என் மகள் போய்க் கழுத்து கேட்டிருக்கிறாள். காரணம், நான் வாங்கிக்கொடுத்தது சின்ன பேஸ். அவளுக்குக் கை சிறியது என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். அவளோடு வாசிக்கும் கல்லூரிப் பையன்கள் சும்மா விடுவார்களா? "என்ன தர்ஷி, உக்குலேலே மாதிரி குட்டி கிட்டாரத் தூக்கிட்டு வந்துட்டியா?" அன்று இரவு எட்டரைக்குச் செந்தூலில் அவர்களுக்கு மேடை. சரியாக வாசிக்காவிட்டால் கீபோர்டுக்காரனே இடது கையால் பேஸையும் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டார்களாம். அதோடு இவள் கதை முடிந்தது.

தேத்தண்ணி பொங்கி அடுப்பு அணைந்தது. நான் ஓடிப்போய்த் துடைத்துவிட்டு வருவதற்குள், சின்ன உடலில் கழுத்து உட்காரும் பள்ளத்தை அவள் உளியால் அகலப்படுத்தி முடித்திருந்தாள். பெரிய கழுத்தின் அடி அகலம் அல்லவா. பலகைத் துகள் கட்டில் வரை பறந்திருந்தது. கைப்பேசி ஸ்பீக்கரில் அண்ணன் குரல்.

"சீக்கிரம் முடுக்கும்மா. நாலரைக்கு ராகு காலம் வந்துரும். அதுக்குள்ள நாலு ஸ்குரூவும் ஏறிடணும்."

"மாமா, அளந்து பாக்க வேணாமா?"

"அளக்கறதெல்லாம் அப்புறம் அளக்கலாம். நேரம் தப்புனா தப்புனதுதான்."

நாலரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கடைசித் திருகாணி ஏறியது. தந்தி கட்டினாள். கையை எடுத்ததும் கிட்டாரின் தலை தரையை நோக்கிச் சாய்ந்தது. சின்ன உடலால் அந்த நீளத்தைத் தாங்க முடியவில்லை. அதையாவது வாரில் இழுத்துக் கட்டிச் சமாளிக்கலாம். வாசித்தாள். வெறும் தந்தி சரியாக இருந்தது. விரல் உடலை நோக்கி நகர நகரச் சுருதி இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. கழுத்தின் பாதியில் அரைச் சுரம் தள்ளி நின்றது. பல் கூசியது எனக்கு.

விஷயம் எளிது. நீளக் கழுத்துக்குத் தந்தியும் நீளமாக ஓடவேண்டும். தந்தியின் அடியைப் பிடித்திருக்கும் இரும்புத் தகட்டை, பிரிட்ஜ் என்பார்கள், இரண்டு விரல் அகலமாவது பின்னால் தள்ளவேண்டும். அது சின்னக் கழுத்துக்கு வைத்த இடத்திலேயே இருந்தது.

"பழசையே மாட்டு," என்றேன்.

மாட்டிப் பார்த்தாள். அகலமான பள்ளத்தில் அது ஆடும் பல்லைப் போல ஆடியது.

"பாத்தியா? ரெண்டுக்கும் இல்லாம பண்ணிட்டாரு ஒம்மாமா. அவருக்கு அதான் தெரியும்!"

"அவர் குடுக்கவாச்சும் குடுத்தாரு. நீ என்னம்மா பண்ண? 'ராத்திரில வெளிய போகாத, ராத்திரில வெளிய போகாத.' அது மட்டும்தானே லா!"

அப்படி அவள் என்னிடம் பேசியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மாமாவுக்குப் போன் போட்டாள். ஆறு மணிக்கு ராகு காலம் முடிந்தபிறகுதான் இங்கே வர வண்டியை எடுப்பாராம். எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை.

காத்திருந்தபோது கிள்ளான் மண்டபம்தான் கண்ணில் வந்தது. அது இப்போது சோபா விற்கும் கடை. கல்யாண விருந்துகளில் மடிக்கணினியோடு ஒரு பையன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். டிரம்ஸ், பேஸ், பாடகி எல்லாம் அவன் பெட்டிக்குள். எங்கள் டிரம்ஸ்காரர் இறந்துவிட்டார். கீபோர்டு வாசித்தவர் பந்திங்கில் காண்டீன் நடத்துகிறார். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

ஆறே முக்காலுக்குத் தர்ஷினி கதவைத் திறந்தாள். "மாமா கீழ நிக்கிறாரு. நீ கூப்பிட்டாத்தான் மேல வருவாராம்."

"வரச் சொல்லு."

"நீ கூப்பிடணுமாம்."

கைப்பேசியை வாங்கி, "வாங்க," என்று ஒரு சொல் சொன்னேன். அண்ணன் என்று சேர்க்கவில்லை.

துளைபோடும் கருவியோடு வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து தகட்டைக் கழற்றினார். அதைப் பின்னால் வைத்து, தந்தியை மாட்டி, ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறுகையால் மீட்டினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். மறுபடி மீட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"கலா, எனக்குச் சுருதி புடிக்கிற காது ரெண்டும் போயிருச்சு. நான் தள்றேன். எங்க நிறுத்தணும்னு நீ சொல்லு."